மருத்துவருக்கும் ஒரு பயிற்றுநர் வேண்டும்

கடந்த தீபாவளிக்குக் குளுவாங்கில் உள்ள சித்தி வீட்டுக்குப் போயிருந்தோம். முறுக்குத் தட்டு மேசைக்கு வருவதற்குள் மூன்று பேர் சித்தி மகளிடம் ஒரே கேள்வியைக் கேட்டுவிட்டார்கள். “எப்பம்மா ஸ்பெஷலிஸ்ட் ஆவப் போற?” ஒவ்வொரு முறையும் அவள் சிரித்துச் சமாளித்தாள். வேலையில் சேர்ந்து ஓராண்டுதான் ஆன பயிற்சி மருத்துவர் அவள். எங்கள் குடும்பத்தில் முதல் டாக்டர். சித்தப்பா அவளுடைய பட்டமளிப்புப் படத்தைச் சாமி அறைக்குப் பக்கத்துச் சுவரில் மாட்டி வைத்திருக்கிறார்.

விருந்தினர் கிளம்பிய பிறகு வாசலில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தோம். அப்போதுதான் அந்த விஷயத்தைச் சொன்னாள். சில மாதங்களுக்கு முன் ஒருநாள் வேலை முடிந்து காரில் ஏறியவள், நாற்பது நிமிடம் எஞ்சினைக்கூட முடுக்காமல் வெறுமனே உட்கார்ந்திருந்தாளாம். வேலையை விட்டுவிடலாமா என்று அன்றைக்குத்தான் முதன்முறையாக நினைத்தாளாம்.

காரணம் ஒரு பிரானுலா. கையில் நரம்பு தேடி ஊசியோடு செருகி, மருந்தும் தண்ணீரும் ஏற்றுவதற்காக உள்ளே விட்டு வைக்கும் அந்தச் சின்ன பிளாஸ்டிக் குழாய். வயதான நோயாளி ஒருவருக்கு அவள் மூன்று முறை முயன்றும் அது உள்ளே போகவில்லை. அங்கே வந்த மூத்த மருத்துவர், நோயாளியின் குடும்பத்தார் முன்னிலையிலேயே, “உனக்கெல்லாம் யார் டிகிரி கொடுத்தது?” என்று கேட்டுவிட்டு, ஊசியைப் பிடுங்கித் தானே போட்டுவிட்டுப் போய்விட்டார். பத்து விநாடி வேலை. அதற்குப் பிறகு ஒவ்வொரு பிரானுலாவுக்கும் இவளுக்குக் கை நடுங்க ஆரம்பித்துவிட்டது.

அது எந்த மருத்துவமனை என்று எழுதப் போவதில்லை. எந்த மருத்துவமனையிலும் நடக்கக்கூடியதுதான். ஆனால் அவள் சொன்ன கதை அதோடு முடியவில்லை. மீதிக் கதைதான் என்னை இந்தக் கட்டுரை எழுத வைத்தது.

இரண்டு வாரம் கழித்து, இரவுப் பணியின்போது, வேறொரு மருத்துவ அதிகாரி இவள் ஊசி போடுவதைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறார். திட்டவில்லை, பிடுங்கவில்லை, வாயே திறக்கவில்லை. அந்த முறையும் தவறிப் போனது. நோயாளியிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு வெளியே வந்ததும் ஒரே ஒரு கேள்வி கேட்டிருக்கிறார். “ரத்தம் தெரிந்ததும் நீ என்ன செய்தாய்?”

இவளுக்குப் பதில் தெரியவில்லை. மறுபடி யோசித்துப் பார்த்தபோதுதான் புரிந்திருக்கிறது. ஊசி நரம்பைத் தொட்டதும் பின்னால் உள்ள சின்ன அறையில் ரத்தம் எட்டிப் பார்க்கும். அதைக் கண்டதும் இவள் ‘அப்பாடா’ என்று மூச்சு விட்டுவிடுகிறாள். கை அங்கேயே நின்றுவிடுகிறது. உடனே பிளாஸ்டிக் குழாயைத் தள்ளுகிறாள். ஆனால் அந்த நேரத்தில் நரம்புக்குள் இருப்பது ஊசியின் நுனி மட்டும்தான். குழாயின் நுனி அதற்குச் சற்றுப் பின்னால், இன்னும் வெளியில்தான் இருக்கிறது. ரத்தம் தெரிந்த பிறகு ஊசியைக் கொஞ்சம் படுக்க வைத்து, இரண்டு மில்லிமீட்டர் போல இன்னும் உள்ளே கொண்டுபோய், அதற்கப்புறம்தான் குழாயை நழுவவிட வேண்டும். புத்தகத்தில் இருக்கிறது, இவளும் படித்திருக்கிறாள். தான் அதைச் செய்யவில்லை என்பது மட்டும் தெரியாமல் இருந்திருக்கிறது.

“இன்னொன்று,” என்றாராம் அவர். “கட்டிலை உயர்த்து. குனிந்து நின்றால் யாருக்கும் கை நடுங்கும்.”

திருப்பிக் கேட்கும் ஒலிநாடா

இதைக் கேட்டதும் எனக்கு என் தொழில்தான் நினைவுக்கு வந்தது. வானொலியில் ‘ஏர்செக்’ என்று ஒன்று உண்டு. நாம் பேசிய நிகழ்ச்சியின் பதிவை, அனுபவமுள்ள ஒருவர் நம்மையும் உட்கார வைத்துக்கொண்டு திருப்பிக் கேட்பார். வேலைக்குச் சேர்ந்த புதிதில் என்னுடைய ஏர்செக் ஒன்றில், நேயர் அழைப்பு ஒன்றை மூன்று முறை ஓடவிட்டார் எங்கள் மூத்தவர். முதல் முறை, “என்ன கேட்குது?” என்றார். உச்சரிப்பைச் சொன்னேன். இரண்டாவது முறையும் அதே கேள்வி. பாட்டுக்குள் நுழைந்த வேகத்தைச் சொன்னேன். மூன்றாவது முறைதான் எனக்கே கேட்டது. அழைத்த அம்மா, “போன மாசம்தான் எங்க வீட்டுக்காரர்…” என்று ஆரம்பிக்கிறார். நான் சிரித்துக்கொண்டே “அப்படியா, என்ன பாட்டு வேணும்?” என்று வெட்டிவிடுகிறேன். அவர் பாட்டைச் சொல்லிவிட்டு வைத்துவிடுகிறார்.

மூத்தவர் எதுவும் சொல்லவில்லை. நிறுத்தும் பொத்தானை மட்டும் அழுத்தினார். அந்த அம்மா என்ன சொல்ல வந்தார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

முதல் முறையே அவர் தவறைச் சொல்லியிருந்தால் “சரி சார்” என்று தலையாட்டிவிட்டு மறந்திருப்பேன். நானே கேட்டதால்தான் மறக்க முடியவில்லை. ஆசிரியருக்கும் பயிற்றுநருக்கும் உள்ள வேறுபாடு இங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன். ஆசிரியர் நமக்குத் தெரியாததைச் சொல்லித் தருகிறார். வழிகாட்டி தான் நடந்து வந்த பாதையைக் காட்டுகிறார். தேர்வாளர் தேறினாயா இல்லையா என்று தீர்ப்பளிக்கிறார். பயிற்றுநர் வேறு ஆள். நாம் செய்வதை நம்மையே பார்க்க வைத்து, அடுத்த அடியை நாமே எடுத்து வைக்க வைப்பவர். நான்கு வேலையையும் ஒருவரே செய்யலாம். ஒரே நேரத்தில் செய்ய முடியாது.

விளையாட்டில் இது நமக்கு நன்றாகவே தெரியும். 2010-இல் மலேசியக் காற்பந்து அணி சுசுகி கிண்ணத்தை வென்றபோது, ஆட்டக்காரர்களைக் கொண்டாடிய அளவுக்குப் பயிற்றுநர் கே. ராஜகோபாலையும் கொண்டாடினோம். இறுதியாட்டத்தில் களத்தில் இறங்கிப் பந்தை உதைத்தவர் அவர் இல்லை. பக்கக் கோட்டருகே நின்று பார்த்துக்கொண்டிருந்தவர். இஸ்கண்டார் புத்ரியில் ஜே.டி.தி. விளையாடும் நாளில் சுல்தான் இப்ராஹிம் அரங்குக்குப் போனால், எத்தனை பெரிய ஆட்டக்காரராக இருந்தாலும் பயிற்றுநர் கூப்பிட்டால் ஓடி வந்து காது கொடுப்பதைப் பார்க்கலாம். அதே இஸ்கண்டார் புத்ரியில், எடுசிட்டி வளாகத்தில், 2011 முதல் நியூகாசல் பல்கலைக்கழகத்தின் மருத்துவக் கல்லூரி இயங்குகிறது. ஜொகூர் பாருவில் மோனாஷ் பல்கலைக்கழகத்தின் மருத்துவமனைப் பயிற்சிப் பிரிவு இருக்கிறது. நாளைய மருத்துவர்கள் நம் மாநிலத்திலேயே உருவாகிறார்கள். அவர்களுடைய பக்கக் கோட்டில் யார் நிற்கிறார்கள்?

நாற்பத்தைந்து வயதில் பயிற்றுநர் தேடியவர்

அதுல் கவாண்டே என்ற பெயரைச் சிலர் கேள்விப்பட்டிருக்கலாம். இந்தியப் பெற்றோருக்கு அமெரிக்காவில் பிறந்த அறுவை மருத்துவர், எழுத்தாளர். 2011-இல் நியூயார்க்கர் இதழில் தன்னைப் பற்றியே ஒரு கட்டுரை எழுதினார். அப்போது அவர் எட்டு ஆண்டுகள் அறுவை சிகிச்சை செய்து பழகியவர். முதலில் ஆண்டுதோறும் திறமை கூடிக்கொண்டே வந்தது. பிறகு ஒரு கட்டத்தில் நின்றுவிட்டது. இதுதான் என் உச்சமோ என்று நினைத்திருக்கிறார்.

ஒருநாள் டென்னிஸ் ஆடப் போன இடத்தில், அங்கிருந்த இளம் பயிற்றுநர் ஒருவர் சில நிமிடங்களிலேயே அவருடைய ‘சர்வ்’ அடியைச் சரிசெய்துவிட்டார். கூடவே தொலைக்காட்சியில் நடாலைப் பார்க்கிறார். உலகின் முதல்நிலை ஆட்டக்காரருக்கே பயிற்றுநர் இருக்கும்போது எனக்கு ஏன் இல்லை என்ற கேள்வி வந்தது. தனக்கு முன்பு பாடம் சொல்லிக்கொடுத்த, ஓய்வுபெற்ற அறுவை மருத்துவர் ராபர்ட் ஆஸ்டீனை அழைத்து, “என் அறுவை அறையில் நின்று என்னைப் பாருங்கள்” என்று கேட்டுக்கொண்டார்.

அன்றைய சிகிச்சை நன்றாகவே நடந்தது. சொல்வதற்கு ஒன்றும் இருக்காது என்றுதான் கவாண்டே நினைத்தார். ஆஸ்டீன் கையில் குறிப்புத் தாளோடு வந்தார். நோயாளியின் மேல் துணி விரித்த விதம் கவாண்டேக்கு வசதியாக இருந்தது, எதிரே நின்ற உதவியாளருக்கு இடைஞ்சலாக இருந்தது. முழங்கை அடிக்கடி தோள் உயரத்துக்குப் போனது. அப்படிப் போனால் கையில் துல்லியம் இருக்காது, காலை நகர்த்தி நிற்க வேண்டும் அல்லது கருவியை மாற்ற வேண்டும். எல்லாவற்றையும்விட முக்கியமானது விளக்கு. மேலே இருந்த அறுவை விளக்கு மெல்ல விலகி, சுமார் அரை மணி நேரம் காயத்தின் மேல் நேராக வெளிச்சமே விழாமல் இருந்திருக்கிறது. அறையில் இருந்த ஒருவரும் கவனிக்கவில்லை.

அரை மணி நேரம்! என் தங்கையின் இரண்டு மில்லிமீட்டரும் இதுவும் ஒரே குடும்பம். அறிவுக் குறைவு இல்லை, கையாலாகாத்தனமும் இல்லை. உள்ளே இருப்பவருக்குத் தெரியாது, வெளியே நின்று பார்ப்பவருக்குத் தெரியும்.

அந்தக் கட்டுரையில் இன்னொரு சங்கடத்தையும் அவர் மறைக்கவில்லை. அறுவை அறைக்கு வந்த ஒரு நோயாளி, ஓரமாக நிற்கும் பெரியவர் யார் என்று கேட்கிறார். பயிற்றுநர் மாதிரி என்று சொன்னதும் அவர் முகத்தில் நிம்மதி தெரியவில்லை. நாமும் அப்படித்தான் இருப்போம். நமக்கு ஊசி போட வரும் டாக்டர் இன்னும் பழகிக்கொண்டிருக்கிறார் என்று தெரிந்தால் “வேற டாக்டர் இல்லையா?” என்றுதான் முதலில் கேட்போம்.

முதலில் பார்க்க வேண்டும்

சரி, மருத்துவத்தில் நல்ல பயிற்றுநருக்கு என்ன வேண்டும்?

முதலில் கண். கேட்க எளிதாக இருக்கிறது. ஆனால் மருத்துவமனையில் நடப்பது பெரும்பாலும் வேறு. இளம் மருத்துவர் நோயாளியிடம் பேசிவிட்டு வந்து நிபுணரிடம் ஒப்பிக்கிறார். நிபுணர் அந்த ஒப்பித்தலை வைத்து அவரை எடைபோடுகிறார். நோயாளியின் பக்கத்தில் அவர் எப்படி நின்றார், என்ன கேட்டார், எதைக் கேட்காமல் விட்டார் என்பதைப் பார்த்தவர் யாருமில்லை.

நம் சமூகத்தை நேரடியாகத் தொடும் ஓர் உதாரணம் சொல்கிறேன். தோட்டத்தில் வாழ்ந்து பழகிய பாட்டி, “நெஞ்சு கரிக்குதுப்பா” என்கிறார். இன்னொரு பாட்டி, “நெஞ்சு அடைக்குதுப்பா” என்கிறார். நகரத்தில் வளர்ந்த தமிழ்ப் பையன் இரண்டையும் ‘சாக்கிட் டாடா’ என்று மலாயில் எழுதிக்கொண்டு வருகிறான். நெஞ்சுவலி என்பது தப்பில்லை. ஆனால் கரிப்பு பெரும்பாலும் வயிற்று அமிலத்தைச் சொல்லும் சொல், அடைப்பு இதயத்தை உடனே பார்க்கச் சொல்லும் சொல். (மாரடைப்பும் சிலருக்குக் கரிப்பாக வரும். அதனால் சொல்லை மட்டும் நம்பியும் முடிவெடுக்க முடியாது, மேற்கொண்டு கேட்க வேண்டும்.) மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து அறிக்கையைக் கேட்பவருக்கு இந்த நழுவல் தெரியவே தெரியாது. கட்டிலருகே நின்றவருக்குத்தான் தெரியும்.

மொழியைப் பற்றிப் பேசும்போது ஒருவரைச் சொல்லாமல் விட முடியாது. 1847-இல் யாழ்ப்பாணத்துக்கு வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் ஃபிஸ்க் கிரீன், தமிழைக் கற்றுக்கொண்டு, மானிப்பாயில் உள்ளூர் இளைஞர்களுக்குத் தமிழிலேயே மருத்துவம் சொல்லிக்கொடுத்தார், மருத்துவ நூல்களைத் தமிழில் கொண்டுவந்தார். மாணவன் எந்த மொழியில் நோயாளியிடம் பேசப் போகிறானோ அந்த மொழியில் அவனைத் தயார்படுத்த வேண்டும் என்று நூற்றெழுபது ஆண்டுகளுக்கு முன்பே ஒருவர் நினைத்திருக்கிறார்.

இரண்டாவது, கேட்கத் தெரிய வேண்டும். “நீ செய்தது தப்பு” என்பதற்கு முன், “எப்படிப் போனதென்று நினைக்கிறாய்?” என்று கேட்பது. கனடாவில் ஜோன் சார்ஜன்ட் என்ற கல்வியாளரும் அவர் குழுவினரும் 2015-இல் வெளியிட்ட முறை ஒன்று இப்போது பல நாடுகளில் மருத்துவக் கல்வியில் பேசப்படுகிறது. நான்கே படிகள். முதலில் உறவு. பிறகு, சொல்லப்பட்ட குறையைக் கேட்டதும் அவருக்கு என்ன தோன்றுகிறது என்று விசாரிப்பது. மூன்றாவதாகத்தான் குறையின் உள்ளடக்கம். கடைசியில், எதை எப்படி மாற்றப் போகிறாய் என்று சேர்ந்து திட்டமிடுவது. இதில் எனக்குப் பிடித்தது இரண்டாவது படி. குறையைக் கேட்டதும் மனிதனுக்குக் கோபமோ அவமானமோ வரும். அது அடங்குவதற்குள் பாடம் நடத்தினால் காதில் ஏறாது. நம் அம்மாக்களுக்கு இது தெரியும், பரீட்சைத் தாளோடு வீட்டுக்கு வரும் பிள்ளைக்கு முதலில் சாப்பாடு போடுவார்கள். எல்லா அம்மாக்களும் அல்ல, சரிதான்.

மூன்றாவது, குறைத்துச் சொல்லும் அடக்கம். அனுபவசாலிக்குப் பதினைந்து தவறுகள் கண்ணில் படும். பதினைந்தையும் சொன்னால் கேட்பவர் எதையும் எடுத்துக்கொள்ள மாட்டார். அந்த இரவு என் தங்கைக்குக் கிடைத்தது ஒரு கேள்வியும் ஒரு குறிப்பும்தான்.

பொறுமை, நேர்மை, இரகசியம் காப்பது போன்றவற்றை விரித்து எழுத வேண்டியதில்லை. ஆனால் ஒன்றை மட்டும் சேர்க்க வேண்டும். தன் எல்லை தெரிந்திருக்க வேண்டும். இளம் மருத்துவர் தூங்குவதில்லை, சாப்பிடுவதில்லை, வாழ்க்கையே வேண்டாம் என்பது போலப் பேசுகிறார் என்றால் அது ஊசி போடும் உத்தியைப் பற்றிய பேச்சில்லை. அந்த இடத்தில் பயிற்றுநர் நிறுத்திக்கொண்டு, உரிய மனநல உதவிக்கு அவரைக் கைப்பிடித்துக் கூட்டிப்போக வேண்டும்.

கையெழுத்துப் போடுபவரிடம் மனம் திறக்க முடியுமா?

இங்கேதான் சிக்கலே இருக்கிறது.

நம் நாட்டில் மருத்துவப் பட்டம் பெற்றவர், மலேசிய மருத்துவ மன்றத்தில் தற்காலிகப் பதிவு பெற்று, மருத்துவமனைப் பயிற்சியை முடித்தால்தான் முழுப் பதிவு கிடைக்கும். முன்பு ஓராண்டாக இருந்த இந்தப் பயிற்சி 2008 முதல் இரண்டாண்டாக நீட்டிக்கப்பட்டது. நான்கு மாதத்துக்கு ஒரு துறை என்று ஆறு துறைகள். ஒவ்வொரு புதிய துறையிலும் முதல் சில வாரங்கள் ‘டேகிங்’. மூத்தவரின் பின்னாலேயே அலைந்து, அதிகாலை முதல் இரவு வரை நின்று பழகும் காலம். அதற்கொரு தேர்வு உண்டு. குறிப்பேட்டில் ஒவ்வொரு செயல்முறைக்கும் கையெழுத்து வாங்க வேண்டும். திருப்தி இல்லையென்றால் அந்தத் துறையிலேயே காலம் நீட்டிக்கப்படும். பயிற்சி மருத்துவர்கள் நடுங்கும் சொல் அதுதான், ‘எக்ஸ்டெண்ட்’.

இப்போது யோசித்துப் பாருங்கள். “எனக்கு இது வரவில்லை, பயமாக இருக்கிறது” என்று அவர் யாரிடம் சொல்வார்? சொல்லப்பட வேண்டியவர்தான் கையெழுத்துப் போடுபவர், காலத்தை நீட்டிக்கப் பரிந்துரைப்பவர். அதனால் தெரிந்ததாகக் காட்டிக்கொள்வதே பாதுகாப்பு என்று அவர் முடிவெடுப்பார். தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளும் மருத்துவர் எப்போது ஆபத்தானவர் என்பதை விளக்கத் தேவையில்லை, கட்டிலில் படுத்திருப்பவர் நம் அப்பாவாக இருக்கலாம்.

அதனால்தான் பயிற்றுநர் வேறு, தேர்வாளர் வேறு என்று பிரித்துவிட வேண்டும் என்கிறார்கள் இத்துறையில் இருப்பவர்கள். அது எப்போதும் முடியாது. ஆள் பற்றாத வார்டில் ஒரே நிபுணர்தான் எல்லாம். அப்படியானால் குறைந்தது வாய்விட்டுச் சொல்லிவிடலாம்: “இப்போது நான் உனக்கு மதிப்பெண் போடவில்லை, பார்க்க மட்டும் வந்திருக்கிறேன்.” செலவில்லாத வாக்கியம்.

“நாங்கள் மட்டும் திட்டு வாங்காமலா வந்தோம்?” என்று மூத்த தலைமுறை மருத்துவர்கள் சிலர் கேட்பதுண்டு. நியாயமான கேள்விதான், தட்டிக் கழிக்கக்கூடாது. மலாயாப் பல்கலைக்கழக மருத்துவப் புலத்தின் முதல் தலைவரான டாக்டர் டி.ஜே. தனராஜ் போன்ற முன்னோடிகள் உயர்ந்த தரத்தை வைத்துத்தான் இந்நாட்டின் மருத்துவக் கல்வியைக் கட்டினார்கள். அங்குள்ள மருத்துவ நூலகம் இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. தரத்தைத் தளர்த்தச் சொல்லி யாரும் கேட்கவில்லை. மருந்தளவில் ஒரு புள்ளி தவறினால் உயிர் போகும் தொழிலில் கண்டிப்பு இல்லாமல் முடியாது. ஆனால் கண்டிப்பு வேறு, அவமானப்படுத்துவது வேறு. “மருந்தளவை இருமுறை சரிபார்க்காமல் கொடுக்காதே” என்பது கண்டிப்பு. “உனக்கு யார் டிகிரி கொடுத்தது” என்பதில் கற்றுக்கொள்ள எதுவுமே இல்லை. கேட்டவளுக்குக் கை நடுங்கியதுதான் மிச்சம்.

2022-இல் பினாங்கில் பயிற்சி மருத்துவர் ஒருவர் இறந்ததை நாடே பேசியது நினைவிருக்கும். அதன் பிறகு சுகாதார அமைச்சு, பணியிடக் கலாச்சாரத்தை ஆராய்ந்து மேம்படுத்தத் தனிப் பணிக்குழுவை அமைத்தது. அதற்கு முந்தைய ஆண்டு, ஜூலை 26ஆம் தேதி, ஒப்பந்த மருத்துவர்கள் நாடு முழுவதும் வெளிநடப்புச் செய்தார்கள். 2016 டிசம்பரிலிருந்து புதிய மருத்துவர்கள் ஒப்பந்த அடிப்படையில்தான் எடுக்கப்படுகிறார்கள், நிரந்தர வேலை உறுதியில்லை. இவை எல்லாம் ஒன்றோடொன்று பின்னியவை. நாளை வேலை இருக்குமா என்று தெரியாதவருக்கு, ஒரு வார்டில் நான்கு பேர் வேலையை இரண்டு பேர் பார்க்கும்போது, பயிற்றுநர் வந்து “எப்படி உணர்கிறாய்?” என்று கேட்டால் சிரிப்புத்தான் வரும்.

பயிற்றுநர் வைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் சொல்லவில்லை. அமெரிக்காவில் மேயோ கிளினிக் ஆய்வாளர்கள் 2019-இல் வெளியிட்ட ஓர் ஆய்வு இதை நன்றாகக் காட்டுகிறது. 88 மருத்துவர்களில் ஒரு பிரிவினருக்கு மட்டும் தொழில்முறைப் பயிற்றுநரோடு தொலைபேசியில் ஆறு அமர்வுகள். சில மாதங்களில் அவர்களுடைய மனச்சோர்வு கணிசமாகக் குறைந்தது, மற்றவர்களுக்குக் குறையவில்லை. ஆனால் வேலையில் திருப்தி என்று கேட்டால், இரு பிரிவுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. வேலையின் சுமை மாறவில்லையே, திருப்தி மட்டும் எங்கிருந்து வரும்? இந்த ஆய்வில் இன்னொன்று எனக்கு ஆச்சரியம். அந்தப் பயிற்றுநர்களின் வேலை மருத்துவம் சொல்லிக்கொடுப்பது அல்ல. பேச வைப்பதும் யோசிக்க வைப்பதும்தான். ஊசியின் இரண்டு மில்லிமீட்டரைப் பார்க்க மருத்துவர்தான் வேண்டும். “இந்த வாரம் எதை மாற்ற விரும்புகிறாய்?” என்று கேட்க, கேட்கத் தெரிந்தவர் போதும்.

ஜொகூரில் இருக்கும் நமக்கு இதில் கூடுதல் அக்கறை இருக்க வேண்டும். பாலத்தைத் தாண்டினால் சிங்கப்பூர். சம்பள வித்தியாசம் எல்லாருக்கும் தெரியும், அதோடு நாம் போட்டி போட முடியாது. ஆனால் போகும் பிள்ளைகளிடம் பேசிப் பார்த்தால், பணத்தை மட்டும் சொல்பவர்கள் குறைவு. “அங்கே யாராவது சொல்லிக் கொடுப்பார்களா என்று பார்க்கிறேன்” என்று என்னிடமே ஒருவர் சொன்னார்.

வீட்டில் இருப்பவர்களுக்கும் ஒரு பங்கு உண்டு, அதைச் சொல்ல எனக்குக் கொஞ்சம் தயக்கம்தான். எஸ்.டி.பி.எம்., மெட்ரிகுலேஷன் காலத்திலிருந்தே டியூஷனுக்குக் கூட்டிப்போய், பி.டி.பி.டி.என். கடன், வீட்டின் மேல் கடன் என்று வாங்கிப் படிக்க வைத்திருக்கிறோம். அந்தப் பிள்ளையால் நம்மிடம் “முடியவில்லை” என்று சொல்ல முடிகிறதா? சித்தப்பா மாட்டி வைத்த அந்தப் படத்தின் முன்னால் நின்று என் தங்கையால் சொல்ல முடியவில்லை. அதனால்தான் மருத்துவமனைக் கார் நிறுத்துமிடத்தில் உட்கார்ந்திருந்தாள்.

போன மாதம் இரவு நிகழ்ச்சியை முடித்துவிட்டு வீட்டுக்குக் காரோட்டிக்கொண்டிருந்தபோது அவள் அழைத்தாள். இப்போது அவள் இரண்டாம் ஆண்டு, அவளுக்குக் கீழே புதிதாக வந்தவர்கள் இருக்கிறார்கள். அன்று டேகிங்கில் இருந்த ஒரு பையன் பிரானுலா போட, இவள் பக்கத்தில் நின்றிருக்கிறாள்.

“அக்கா, அவன் தடவுறதப் பார்த்து என் கை துடிச்சிருச்சி. பிடுங்கி நானே போட்டா பத்து செகண்ட்தான். இன்னும் எட்டுப் பேரு காத்திருக்காங்க. ரெண்டு கையையும் கோட்டுப் பையில விட்டுக்கிட்டு நின்னேன்.”

“அப்புறம்?”

“மொத தடவ போவல.”

“நீ என்ன சொன்னே?”

“கட்டில ஏத்துன்னு சொன்னேன்.”